தெலுக் பஹாங் காட்டுப் பாதைகள்: பாடநூலுக்கு வெளியே ஒரு வரலாறு



பினாங்கு என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன பாலம், கொடிமலை, தைப்பூசம், ஜார்ஜ் டவுன் ஆகியவைதாம். தீவின் வடமேற்கு மூலையை அவர்கள் நினைப்பது அரிது. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி ஆகிய இடங்களைக் கடந்து வரும் கடற்கரைச் சாலை ஒரு மீனவச் சிற்றூரை அடைந்ததும், கடலை விட்டு விலகி பாலிக் பூலாவை நோக்கி மலைக்குள் திரும்பிவிடுகிறது. அந்தச் சிற்றூரே தெலுக் பஹாங். சாலை திரும்பிய இடத்துக்கு அப்பாலும் கரை நீண்டு கிடக்கிறது. அங்கே நடந்தோ படகிலோதான் செல்ல முடியும்.

அங்குதான் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. நுழைவாயிலிலிருந்து சிறிது தொலைவில், சுங்கை துக்குன் என்னும் ஓடையருகே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கப் பாதை கரையை ஒட்டித் தெலுக் அலிங் வழியாகத் தெலுக் டுயோங் சென்று, அங்கிருந்து முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிறது. இடப்பக்கப் பாதை மலைக்காட்டைக் குறுக்கே கடந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு இறங்குகிறது. நுழைவாயிலிலிருந்து தெலுக் டுயோங், கெராச்சுட் ஆகிய இரண்டுமே ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் தொலைவிலுள்ளன. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

இத்தகைய நடைப்பயணங்களை உடற்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் மட்டுமே நம்மில் பலர் கருதுகிறோம். “படிப்பை விட்டுவிட்டுக் காட்டில் என்ன வேலை?” என்று கேட்கும் பெற்றோரும் உளர். இந்த இரு பாதைகளும் நல்லதொரு வரலாற்று வகுப்பு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இக்கட்டுரையில் முன்வைக்கிறேன்.

பெயர்களே முதற்பாடம்

மலாய் மொழிப் பாடத்தில் நம் மாணவர்கள் கற்ற சொற்கள் இங்கே நிலமாக விரிந்து கிடக்கின்றன. தெலுக் என்றால் விரிகுடா, தஞ்சோங் என்றால் நிலமுனை, பந்தாய் என்றால் கடற்கரை, சுங்கை என்றால் ஆறு. பஹாங் என்றால் வெப்பம், அனல். டுயோங் என்பது கடற்பசு. தமிழ்நாட்டு மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அதே உயிரினம்தான். இந்நாட்களில் தெலுக் டுயோங்கைப் பலரும் குரங்குக் கடற்கரை என்றே அழைக்கின்றனர். கடற்பசுவின் பெயர் தாங்கிய கரை குரங்கின் பெயருக்கு மாறிவிட்டது. மீனவர் சூட்டிய பெயர் எது, சுற்றுலாப் பயணி சூட்டிய பெயர் எது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடை அவர்களிடமிருந்தே வரும்.

பூங்காவின் தென்புறத்தில் பந்தாய் ஆச்சே என்னும் ஊர் உள்ளது. அப்பெயர் நீரிணைக்கு மறுகரையிலுள்ள சுமத்திராவின் ஆச்சே நாட்டை நினைவூட்டுகிறது. ஜார்ஜ் டவுனில் ஆச்சே வீதிப் பள்ளிவாசல் 1808இல் எழுந்தது. ஆச்சே வணிகர்கள் இத்தீவில் எத்தகைய செல்வாக்குடன் வாழ்ந்தனர் என்பதற்கு அப்பள்ளிவாசலே சான்று. கடல் நாடுகளைப் பிரித்தது என்றுதான் மாணவர்கள் எண்ணுகிறார்கள். அது சேர்த்தும் வைத்தது என்பதை இப்பெயர்கள் சொல்கின்றன.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. குறிஞ்சி, முல்லை, நெய்தல் என்று வகுப்பறையில் மனப்பாடம் செய்விக்கிறோம். கெராச்சுட் பாதையில் செல்லும் மாணவன் காட்டுக்குள் நுழைந்து, மலைமுகட்டைக் கடந்து, கடற்கரையில் இறங்குகிறான். ஒரே நாளில் மூன்று நிலங்களையும் கால்களால் அறிந்த மாணவனுக்குத் திணைப் பாகுபாடு பிறகு மறப்பதில்லை.

பாதையை யார் போட்டார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 18 பேரைப் பெற்றோர் சிலரின் துணையுடன் இப்பாதையில் அழைத்துச் சென்றேன். வேர்கள் படிக்கட்டுகளைப் போல் குறுக்கே ஓடும் ஓரிடத்தில் ஒரு மாணவி நின்று, “ஐயா, இந்தப் பாதையை யார் போட்டது?” என்று கேட்டாள். உடன் வந்த தந்தையொருவர், “வேறு யார்? நம்ம ஆளுங்கதான்! இந்த நாட்டுல ரோடு, ரயிலு எல்லாம் நம்ம ஆளுங்க போட்டதுதானே!” என்றார். மாணவர்கள் மகிழ்ச்சியுடன் கைதட்டினார்கள்.

அவர் சொன்னதில் பெரியதோர் உண்மை உள்ளது. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே, 1790 வாக்கில், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். வங்காளம், பம்பாய் ஆகிய பகுதிகளிலிருந்து மட்டுமன்றிச் சென்னை மாகாணத்திலிருந்தும் அவர்கள் வந்தனர். காடு வெட்டுதல், சதுப்பு நிலம் தூர்த்தல், சாலையமைத்தல் யாவும் அவர்கள் தலையில் விழுந்தன. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்களின் உழைப்பு உண்டு. தோட்டப்புறத் தொழிலாளர் காலத்துக்கு முன்பே இம்மண்ணில் வியர்வை சிந்திய அவர்களைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்தது மிகக் குறைவு.

ஆயினும், பெருமைக்காக வரலாற்றை நீட்டக்கூடாது. முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் கட்டப்பட்ட ஆண்டு 1883. நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிகளின் காலம் 1873இலேயே முடிவுற்றது. இடையில் பத்தாண்டு இடைவெளி இருக்கிறது. ஆகவே இவ்விளக்கத்தையும் கைதிகள் கணக்கில் எழுதுவது பொருந்தாது. அன்று பாதையோரத்தில் அமர்ந்து, இவ்விரு ஆண்டுகளையும் மணலில் எழுதிக் காட்டினேன். அந்தத் தந்தையும் சிரித்தவாறே, “சரிதான் ஐயா, கணக்கு உதைக்குதே!” என்றார். பெருமைப்பட நமக்கு உண்மையான செய்திகளே போதிய அளவு உள்ளன. சான்றில்லாத ஒன்றைச் சேர்த்தால், சான்றுள்ள பத்தையும் பிறர் நம்ப மறுப்பார்கள். ஆண்டுகளை ஒப்பிட்டு ஒரு கூற்றைச் சோதிக்கும் பழக்கம் பத்து வயதிலேயே வந்துவிட்டால், அதைவிடச் சிறந்த வரலாற்றுக் கல்வி வேறில்லை.

சரி, கலங்கரை விளக்கம் ஏன் 1883இல் எழுந்தது? 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே நீராவிக் கப்பல்களின் போக்குவரத்து பெருகியது. அதே காலத்தில் பேராக்கின் ஈயமும் பினாங்குத் துறைமுகத்தைத் தேடி வந்தது. ஆகவே கோர்ன்வாலிஸ் கோட்டையருகே 1882இலும், வடமேற்கு முனையான முக்கா ஹெட்டில் 1883இலும், தெற்கே ரிமாவ் தீவில் 1885இலும் விளக்குகள் அமைந்தன. மூன்றே ஆண்டு இடைவெளியில் தீவைச் சுற்றி மூன்று விளக்குகள்! துறைமுகம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பட்டியலும் காட்டாது.

முக்கா ஹெட் கோபுரம் கருங்கல்லால் ஆனது. உயரம் 14 மீட்டர் மட்டுமே. ஆனால் அது நிற்கும் குன்று ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. விளக்கைத் தாங்க இயற்கையே ஒரு பீடத்தைக் கட்டி வைத்திருந்ததால் கோபுரம் உயரமாக இருக்க வேண்டிய தேவை எழவில்லை. இன்றளவும் அங்கு வாகனச் சாலை கிடையாது. தெலுக் டுயோங் கரையிலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். மூச்சிரைக்க ஏறி வரும் மாணவர்களிடம், அக்காலத்தில் அங்குப் பணிபுரிந்தோர் அரிசியையும் எண்ணெயையும் எப்படிக் கொண்டு சேர்த்திருப்பர் என்று கேட்டால் போதும். உழைப்பு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

காடு ஏன் தப்பியது?

இது இயற்கையாகவே எஞ்சிய காடு என்று எண்ணுவது எளிது. உண்மை அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றுக்காகத் தீவின் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. அந்நூற்றாண்டின் நடுவில் சாதிக்காய் மரங்களை நோய் தாக்க, தோட்டங்கள் சரிந்தன. ஆனால் வெட்டிய காடு திரும்பி வரவில்லை. வடமேற்கு மூலை செங்குத்தான கருங்கல் மலைகளாலானது, சாலையுமில்லை. முதலில் அதைக் காத்தது நிலத்தின் கடுமையே.

இரண்டாவதாக அதைக் காத்தது ஓர் அறிக்கை. சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பாளராக இருந்த நதானியல் கேன்ட்லி என்பவர் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பார்வையிட்டு, அவை அழிந்துவரும் நிலையை 1883இல் அறிக்கையாக அளித்தார். கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்ட அதே ஆண்டு! அவ்வறிக்கையின் விளைவாகக் காடுகளைக் காக்க அரசுத் துறை உருவானது, காப்புக்காடுகள் அறிவிக்கப்பட்டன. பினாங்கில் அப்பணியை ஏற்ற சார்ல்ஸ் கர்ட்டிஸ் 1884இல் தாவரவியல் பூங்காவையும் உருவாக்கினார். மலேசியாவின் கரையோரக் குன்றுகளில் வளரும் செராயா மரத்தின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

பந்தாய் ஆச்சே காப்புக்காடு 1928இல் அரசிதழில் இடம்பெற்றது. இங்கே ஒரு சொல்லை மாணவர்களுக்கு விளக்க வேண்டும். காப்புக்காடு என்பது தீண்டாத காடு அன்று. மரத்தை முறையாக வெட்டிப் பயன்கொள்ளவும் நீர்வளத்தைக் காக்கவும் அரசு தன்வசம் வைத்துக்கொண்ட காடு. அரசு விரும்பினால் அத்தகுதியை நீக்கவும் முடியும். அதாவது, 1928இல் இக்காடு பெற்றது காலவரையறை சொல்லாத ஒரு தவணை மட்டுமே.

தவணை நிலையானது எப்படி?

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாநிலம் நிலத்தைத் தர முன்வந்தால்தான் மத்திய அரசு தேசியப் பூங்கா அமைக்க முடியும். தேசியப் பூங்காக்கள் சட்டம் 1980இல் இயற்றப்பட்டது. நாம் நன்கறிந்த தாமான் நெகாரா அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1938-39 காலகட்டத்து மாநிலச் சட்டங்களின் கீழ் உருவானது. எனவே 1980ஆம் ஆண்டுச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பூங்காவைக்கூடக் காணாமல் தாளிலேயே இருந்தது.

இதற்கிடையே பினாங்கில் மலைகளின் மீது மேம்பாட்டின் பார்வை விழுந்தது. 1990இல் கொடிமலையில் பெரியதொரு கேளிக்கைத் திட்டம் முன்மொழியப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்தனர். கையெழுத்துகள் திரட்டப்பட்டன, கூட்டங்கள் நடந்தன. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் முன்நின்ற அமைப்புகளுள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் மலேசிய இயற்கைத் தோழர்கள் அமைப்பும் அடங்கும். இரண்டையும் வழிநடத்தியவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். தமிழ்நாட்டில் 1926இல் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, 2019இல் மறையும்வரை பொதுநலனுக்காகக் குரல் கொடுத்தவர். நம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க தமிழர் அவர். மணலில் நான் எழுதிய ஆண்டுகளால் ஒரு பெருமையைக் குறைத்தேன் என்றால், இதோ ஒரு பெருமையை உரிய சான்றுடன் சேர்க்கிறேன்!

பந்தாய் ஆச்சே காட்டைக் காக்க மலேசிய இயற்கைச் சங்கத்தினரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தொடர்ந்து வலியுறுத்தினர். அப்பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இப்பாதையோரத்திலேயே, தெலுக் அலிங்கில் அமைந்துள்ளது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்காடு பினாங்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான முதல் பூங்கா இதுவே. நிலமும் கடலும் சேர்ந்து இதன் பரப்பு 2,562 ஹெக்டர். 2021இல் யுனெஸ்கோ அறிவித்த கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் 12,481 ஹெக்டர் பரப்பிலும் இது இடம்பெற்றது.

1928க்கும் 2003க்கும் இடைப்பட்ட 75 ஆண்டுகளில் எந்த ஒரு நாளில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டிருந்தாலும், நம் பிள்ளைகள் நடக்க இப்பாதை இருந்திராது. இந்த நடையில் மாணவர்கள் உணர வேண்டிய தலையாய செய்தி இதுவே.

கெராச்சுட் கற்பிப்பது

இடப்பக்கப் பாதையில் சென்றால் கெராச்சுட் கடற்கரையின் பின்புறம் ஓர் அரிய ஏரியைக் காணலாம். மலையோடைகளின் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து புகும் உப்புநீர் கீழேயுமாக இரண்டும் கலவாமல் நிற்கும். உப்புநீர் கனமானது என்பதே காரணம். இது எல்லா மாதங்களிலும் தென்படாது; வறண்ட காலத்தில் ஏரி சேறாகக் கிடக்கும். அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கண்ணாடிக் குவளை, உப்பு, வண்ணமை ஆகியவற்றைக் கொண்டு வகுப்பிலேயே இதை முன்கூட்டிச் செய்து காட்டலாம்.

அதே கரையில் 1995 முதல் மீன்வளத் துறையின் கடலாமைக் காப்பகம் இயங்கி வருகிறது. பச்சைக் கடலாமையும் சிற்றாமையும் இங்கே முட்டையிட வருகின்றன. ஆமை முட்டை ஒரு காலத்தில் சந்தையில் விலைபேசப்பட்ட உணவுப்பொருள் என்பதைப் பாட்டி தாத்தாக்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு பழக்கம் எப்படித் தவறென்று உணரப்பட்டது என்பதும் வரலாறுதானே?

அச்சமும் அறிவும்

பெற்றோரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளைத் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டனர். அவர்களில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்த குடும்பத்தினரும் இருந்தனர். தெலுக் பஹாங் மீனவர்களும் படகுகளை இழந்தனர். 2017 நவம்பர் பெருமழையோ மலைச்சரிவுகளையும் நடைபாதைகளையும் சேதப்படுத்தியது.

இவற்றை மறைத்துவிட்டு மாணவர்களை அழைத்துச் செல்லக்கூடாது. சொல்லியே அழைத்துச் செல்ல வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க ஓடாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் கரையில் நின்று சொன்னால் ஒரு குழந்தையின் மனத்தில் அது ஆழப் பதியும். அச்சத்தால் வீட்டிலேயே இருத்தப்பட்ட குழந்தைக்கு அந்த அறிவு கிட்டுவதில்லை.

ஆசிரியர்களின் கவனத்திற்கு

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக உள்ளது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. “தேர்வுக்கு நேரமில்லை” என்னும் பழைய காரணம் இனிச் செல்லாது. எனவே சில பரிந்துரைகள்:

1. பயணத்துக்கு முன் பூங்கா அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, எந்தப் பாதை திறந்துள்ளது என்பதை உறுதிசெய்க. நுழைவாயிலில் பெயர்களைப் பதிவு செய்தல் கட்டாயம்.

2. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு இரண்டில் ஒரு பாதையே போதும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டா.

3. 1786, 1883, 1928, 2003, 2004, 2021 ஆகிய ஆண்டுகளை அட்டைகளில் எழுதி மாணவர்களிடம் கொடுத்திடுக. உரிய இடம் வரும்போது அட்டைக்குரிய மாணவர் நின்று விளக்கட்டும். ஆசிரியர் பேச்சைக் குறைத்தால் காடு பேசும்.

4. கடலில் குளிக்க அனுமதிக்க வேண்டா. நீரோட்டமும் சொறிமீன்களும் ஆபத்தானவை. குரங்குகளுக்கு உணவு தரக்கூடாது. குப்பையைத் திரும்ப எடுத்து வருதல் வேண்டும்.

5. திரும்பிய பின், “இக்காட்டை அழித்து விடுதி கட்டலாமா?” என்னும் தலைப்பில் சொற்போர் நடத்துக. விடுதி வேண்டும் என்னும் அணிக்கும் வேலைவாய்ப்பு, வருமானம் போன்ற நல்ல வாதங்களைத் தேடித் தருக. எதிர்த்தரப்பை அறியாதவன் தன் தரப்பைக் காக்க இயலாது.

இப்போது நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இருபது, முப்பது ஆண்டுகளில் வாக்காளர்களாகவும் அதிகாரிகளாகவும் பொறியாளர்களாகவும் இருப்பார்கள். நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகும் தீவில், இக்காட்டைப் பற்றிய கேள்வி மீண்டும் எழாது என்று யார் உறுதி கூற முடியும்? அந்நாளில் மேசைமீது விரிக்கப்படும் வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டை மட்டுமே காண்பவர் ஒருவிதமாக முடிவெடுப்பார். அதன் வேர்களில் கால் இடறி, அதன் ஓடையில் முகம் கழுவியவர் வேறுவிதமாக முடிவெடுப்பார். அந்த இரண்டாமவரை உருவாக்கும் பொறுப்பு நம்முடையது.

வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காட்டையோ கரையையோ தேர்ந்தெடுத்து, அதன் பெயரிலிருந்து தொடங்குங்கள்.